உங்களுக்குத் தெரியுமா? கட்டிலடிப் பூனையும் ஆடும் கண்ணும்

தெருவில் பிறந்து, ஆளைக் கண்டாலே ஓடி வளர்ந்த பூனையை வீட்டுக்குள் கொண்டுவந்தால், ரொம்ப நாளைக்கு அதன் குடியிருப்பு கட்டிலடிதான். தூக்க விடாது. காதைத் திருப்பிப் பார்க்க விடாது. இருட்டில் தெரிவது இரண்டு கண்கள் மட்டும். அந்தக் கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்? பயமா, பார்வைக் கோளாறா, காதில் சீழா, தின்ற மீனா? கைவைக்காமலே தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

இரண்டு விதமான ஆட்டம்

கண் தன்னிச்சையாக ஆடிக்கொண்டே இருப்பதற்கு மருத்துவத்தில் நிஸ்டாக்மஸ் என்று பெயர். ஒரு வகையில் கண் ஒரு பக்கமாக மெல்ல நழுவும், பிறகு வெடுக்கென்று திரும்பும். மறுபடி நழுவும், மறுபடி வெடுக்கென்று திரும்பும். இன்னொரு வகையில் போகிற வேகமும் வருகிற வேகமும் ஒன்றேதான். வெடுக்கென்று இழுக்கும் ஆட்டம் திடீரென்று வந்தால் பெரும்பாலும் நோய். சம வேகத்தில் ஊசலாடுவது பெரும்பாலும் பிறவியிலேயே வந்தது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதி வழி வந்தாயிற்று.

உங்கள் கண்ணும் ஆடும்

ஓடுகிற ரயிலில் ஜன்னலோரம் வேடிக்கை பார்க்கிறவரின் கண்களைக் கவனியுங்கள். ஒரு கம்பத்தோடு மெல்ல நகர்ந்து, அடுத்த கம்பத்துக்கு வெடுக்கென்று தாவும். இது எல்லாருக்கும் உண்டு, பூனைக்கும் உண்டு. ரயில் ஓடாதபோதும் கண் ஓடினால்தான் கவலை.

கண்ணில் தெரிவது, காதில் இருப்பது

வியன்னாவில் காது மருத்துவராக இருந்த ராபர்ட் பாரானி, நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலர் தலைசுற்றுகிறது என்று சொல்வதைக் கவனித்தார். அப்போது அவர்களின் கண்ணும் ஆடியது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு திசையில், சூடாக இருந்தால் எதிர்த்திசையில். உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களுக்குள் ஒரு திரவம் உண்டு. சூடோ குளிரோ பட்டால் அது நகர்கிறது, தலை சுழல்வதாக மூளை நம்பிவிடுகிறது, கண்ணை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இந்த ஆராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி!

பூனையின் உள்காதும் இதே கணக்குத்தான். அதனால் கண் ஆடுகிற பூனைக்குக் கண் சொட்டு மருந்து வாங்க ஓடுவது, பல நேரம் தவறான கடையில் நிற்பது.

தலை எந்தப் பக்கம் சாய்கிறது?

ஒரு பக்கத்து உள்காது கெட்டால், பூனையின் தலை அந்தப் பக்கமே சாயும். கண்ணின் வெடுக் இழுப்போ அதற்கு எதிர்ப்பக்கம் போகும். நடந்தால் சாய்ந்த பக்கமே வட்டமடிக்கும், சில நேரம் உருண்டே விழும். தலைச்சாய்வும் கண்ணின் இழுப்பும் இப்படிப் பொருந்தி வந்தால் எந்தக் காது என்பதைக் கட்டிலுக்கு வெளியே உட்கார்ந்தே ஊகிக்கலாம்.

இரண்டு காதுகளும் சேர்ந்து கெட்டால்? இதுதான் ஏமாற்றும். கண் ஆடாது, தலையும் சாயாது. பூனை தரையோடு தரையாகப் பதுங்கி, தலையை மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அகலமாக வீசிப் பார்க்கும். தெருவில் வளர்ந்த பூனை பதுங்குவது சகஜம்தானே என்று வீட்டார் விட்டுவிடுவார்கள்.

மேலும் கீழும் ஆடினால்

இடவலமாக ஆடும் கண்ணுக்குக் காரணம் காதிலும் இருக்கலாம், மூளையிலும் இருக்கலாம். மேலும் கீழுமாக ஆடினாலோ, தலையின் நிலை மாறும்போது ஆட்டத்தின் திசையும் மாறினாலோ, மூளைத்தண்டு அல்லது சிறுமூளைப் பக்கம்தான் மருத்துவரின் சந்தேகம் போகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடக் கூடாத ஆட்டம் இது.

குறட்டை விடும் குட்டி

இளம் பூனைகளின் நடுக்காதில் பாலிப் எனப்படும் சதைவளர்ச்சி உண்டாகி, தொண்டைப் பக்கமோ காதுத் துவாரத்தின் பக்கமோ நீளும். மூச்சில் குறட்டைச் சத்தம், அடிக்கடி தலையை உதறல், பிறகு தலைசாய்வு, கண்ணாட்டம். மயக்கமருந்து கொடுத்து அதைப் பிடுங்கி எடுப்பார்கள். எடுத்த பிறகு ஒரு வேடிக்கை நடக்கும்: அந்தப் பக்கத்துக் கண்ணின் நடுக் கறுப்பு, அதாவது பாவை, சுருங்கிவிடும், மேலிமை தொங்கும், மூக்கோரத்து மூன்றாம் இமை வெள்ளையாக எட்டிப்பார்க்கும். சிகிச்சை கெடுத்துவிட்டது என்று பதற வேண்டாம். கண்ணுக்குப் போகும் ஒரு நரம்பு பூனையின் நடுக்காது வழியாகத்தான் போகிறது. அது லேசாக அடிபட்டதன் அடையாளம் அது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். 1869இல் இதை மனிதரிடம் விவரித்த சுவிஸ் கண் மருத்துவர் யோஹான் ஃபிரீட்ரிச் ஹார்னரின் பெயரில் இது ஹார்னர் சின்ட்ரோம்.

மருந்தே ஆட்டினால்

செவிப்பறை கிழிந்திருக்கும்போது ஜென்டாமைசின், குளோர்ஹெக்ஸிடின் போன்றவற்றைக் காதில் விட்டால் உள்காது பாழாகலாம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் அளவு கூடினாலும் நடை தள்ளாடி, கண் ஆடும், நிறுத்தினால் அடங்கும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனையின் பிடரியில் தடவுவது இதையெல்லாம்விட மோசம்: உடம்பே நடுங்கி, வலிப்பு வந்து, சாகவும் செய்யும். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் பாட்டி வைத்தியத்தைப் பூனையிடம் காட்டவே வேண்டாம்.

ஒன்றுமில்லாமலும் வரும்

காலையில் நன்றாக இருந்த பூனை மாலையில் தலை சாய்ந்து உருளும். எல்லாப் பரிசோதனையும் சுத்தம். முதல் இரண்டு மூன்று நாள் பயங்கரமாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தானே தெளிந்துவிடும். தலை மட்டும் சற்றே சாய்ந்தபடி நின்றுவிடுவதுண்டு. காரணம் பிடிபடாததால் 'இடியோபதிக்' என்று எழுதிவிடுவார்கள். பரிசோதித்த பிறகுதான் அப்படி எழுதலாம், அதற்கு முன்னால் நாமே எழுதிக்கொள்ளக் கூடாது.

சயாமிஸ் பூனையின் நரம்புக் குளறுபடி

பிறவிக் கண்ணாட்டத்துக்கும் மாறுகண்ணுக்கும் பேர்போனது சயாமிஸ். வெளிர் உடம்பு, நீலக் கண். முகம், காது, கால், வால் மட்டும் கருமை. அந்த நிற விநோதமும் கண் கோணலும் ஒரே மரபணுவின் வேலை என்பதுதான் சுவாரசியம். நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி இந்தப் பூனைகளில் சூடு தாங்காது. உடம்பின் கதகதப்பான நடுப்பகுதியில் வேலைநிறுத்தம், குளிர்ந்த ஓரங்களில் மட்டும் வேலை. தாய் வயிற்றின் சூட்டில் வளர்வதால்தான் சயாமிஸ் குட்டிகள் வெள்ளையாகப் பிறந்து, பிறகு ஓரம் கறுக்கின்றன.

கருவிலேயே கண்ணுக்குள் நிறமி குறைந்தால் நரம்புகள் வழிதவறும். சாதாரணப் பூனையில் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் புறப்படும் நரம்பிழைகளில் மூக்குப் பக்கத்தவை எதிர்ப்பக்க மூளைக்குத் தாண்டிப் போகும், வெளிப்பக்கத்தவை அதே பக்கத்தில் தங்கும். சயாமிஸில் தங்க வேண்டியவற்றில் பலவும் தாண்டிவிடுகின்றன. 1969இல் ரே கில்லரி என்ற நரம்பியலாளர் இதைக் கண்டறிந்து எழுதினார். இரண்டு கண்ணின் படமும் மூளையில் சரியாக ஒட்டாததால் சில பூனைகளின் கண் உள்நோக்கிக் கோணும், சிலவற்றுக்கு ஊசலாடும். பொற்கிண்ணம் ஒன்றைக் காவல் காத்து, வைத்த கண் வாங்காமல் பார்த்ததால் கண் கோணியது என்று கதை சொல்வார்கள். கதை அழகுதான். கண்காட்சிக்குப் பூனை வளர்ப்பவர்கள் மாறுகண்ணைக் குறையாகக் கருதி, அது இல்லாதவற்றையே இனம்பெருக்கினார்கள். கண் நேரானது, உள்ளே நரம்பு நேராகவில்லை.

கில்லரியும் ஜான் காஸும் 1973இல் வெள்ளைப்புலியின் மூளையிலும் இதே குளறுபடியைக் காட்டினார்கள். 1951இல் ரேவா காட்டில் மகாராஜா மார்த்தாண்ட சிங் பிடித்த மோகன் என்ற ஆண்குட்டியின் வாரிசுகள்தான் உலகத்து வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை. அவற்றின் நிறத்துக்குக் காரணமான மரபணு வேறு. ஆனாலும் நிறமி குறைந்தால் நரம்பு வழிதவறும் என்ற விதி பொதுவாக இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் வெள்ளைப்புலியைப் பார்க்க நேர்ந்தால் வரிகளோடு கண்ணையும் ஒரு பார்வை பாருங்கள்.

தெருப்பூனைக் கூட்டத்திலும் எப்போதோ கலந்த சயாமிஸ் ரத்தம் தலைகாட்டும். நீலக்கண், கருத்த மூக்கு, சம வேகத்தில் ஆடும் விழி, ஆனால் நடையில் தள்ளாட்டம் இல்லை, சாப்பாட்டில் குறைவில்லை என்றால் பதற்றம் தேவையில்லை. பிறவியிலேயே கண்ணாட்டம் உள்ள மனிதர்கள், தங்களுக்கு உலகம் ஆடுவதாகத் தெரிவதில்லை என்கிறார்கள். மூளை பழகிக்கொள்கிறது.

நடுங்கிக்கொண்டே ஆயுசு முழுக்க

தடுப்பூசி போடாத தாய்க்குப் பிறந்த குட்டிகளுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ், வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத்தான் தாக்கும். கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலும் பிறந்த முதல் சில நாட்களிலும் குட்டியின் சிறுமூளை அப்படிப் பெருகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வைரஸ் புகுந்தால் சிறுமூளை முழுதாக வளராமல் நின்றுவிடும். நெடுநாள் இதைப் பரம்பரை நோய் என்றே நினைத்திருந்தார்கள். கில்ஹம், மார்கோலிஸ் என்ற இருவர் 1966இல்தான் வைரஸின் கைவரிசையை வெளிப்படுத்தினார்கள்.

குட்டி நடக்கத் தொடங்கும்போதுதான் தெரியும். கால்களை அகட்டி வைக்கும், வாத்துநடை நடக்கும். தட்டை நெருங்க நெருங்கத் தலை நடுக்கம் கூடும், கண்ணும் சேர்ந்து துடிக்கலாம். தூங்கும்போது ஒன்றும் இருக்காது. ஒரே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகள் நன்றாகவே இருக்கலாம். முக்கியமானது இது: நாளாக ஆக இந்தக் கோளாறு கூடாது. வலி கிடையாது, ஆயுசு குறையாது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றோ, இனித் தேறாது என்றோ சொல்லி ஊசி போட்டு முடித்துவிடும் குட்டிகளில் எத்தனையோ நன்றாக வாழ்ந்திருக்கும்.

இப்படிப்பட்ட பூனை மூலையை விட்டு வராததற்குக் கூச்சம்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். டைல்ஸ் தரை வழுக்குகிறது. நாலு சாக்கையோ கோரைப்பாயையோ விரித்துப் பாருங்கள்.

பச்சை மீன் தின்றால் கண் ஆடுமா?

ஆடும். சில மீன்களின் பச்சைச் சதையிலும் குடலிலும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். பூனைக்கு இந்த வைட்டமின் நம்மைவிட அதிகமாக வேண்டும், சேமிப்பும் குறைவு. முதலில் சாப்பாட்டில் வெறுப்பு, பிறகு தள்ளாட்டம், விரிந்த பாவை, கண்ணாட்டம், தலை நிமிர முடியாமல் மோவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், கடைசியில் வலிப்பு. இதை உலகுக்குக் காட்டியவை பூனைகள் அல்ல, நரிகள். 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் நரிப் பண்ணையில் பச்சைக் கெண்டை மீன் தின்ற நரிகள் வாதம் வந்து விழுந்தன. அதனால்தான் இதற்குச் சாஸ்டெக் வாதம் என்று பெயர்.

வேளையோடு பி1 ஊசி போட்டால் பூனை ஓரிரு நாளிலேயே தேறத் தொடங்கும். தடுக்கவோ ஊசியும் வேண்டாம்: சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும், மீனை வேகவைத்தால் போதும். மீன்சந்தையைச் சுற்றி வளர்ந்த பூனைக்குப் பச்சை மீன்தான் இஷ்டம் என்று தினமும் அதையே போடுவது பாசம்தான், ஆனால் கெடுதலான பாசம்.

மினமாட்டாவின் பூனைகள்

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாக் கரையில் 1950களில் பூனைகள் சுழன்று சுழன்று ஓடின, வலிப்பு வந்து விழுந்தன, சில கடலுக்குள்ளேயே விழுந்து செத்தன. 'ஆடும் பூனை நோய்' என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். 1956 மே மாதம் மனித நோயாகவும் அது பதிவானது. சிஸ்ஸோ தொழிற்சாலை கடலில் விட்ட கழிவிலிருந்த மெத்தில் பாதரசம், மீன் வழியாகப் பூனைக்கும் மனிதருக்கும் வந்திருந்தது. சிறுமூளையையும் பார்வைக்கான மூளைப்பகுதியையும் அது அரித்தது. தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவர் ஹொசோகாவா 1959இல் ஆலைக்கழிவைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். நானூறாம் எண் பூனை அது. அதே நோய் வந்தது. நிர்வாகம் முடிவை அமுக்கிவிட்டது. 1970இல் மரணப் படுக்கையிலிருந்து அவர் சாட்சி சொன்னார்.

வெளிச்சத்திலும் விரிந்த பாவை

பூனையின் பாவை கீற்றாகச் சுருங்குவதற்கும் முழுதாக விரிவதற்கும் இடையே பரப்பளவில் 135 மடங்கு வித்தியாசம். நமக்குச் சுமார் 15 மடங்குதான். பயந்த பூனைக்கு நட்டநடுப் பகலிலும் பாவை விரிந்திருக்கும். பூனைவணங்கி என்றும் சொல்லப்படும் குப்பைமேனியின் வேரை மோந்து புரள்கிற பூனைக்கும் கொஞ்ச நேரம் அப்படி ஆகலாம். இரண்டும் தானே அடங்கும்.

அடங்காவிட்டால்? வயதான பூனை, பயமில்லாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது, வெயில் முகத்தில் அடிக்கிறது, பாவை மட்டும் விரிந்தே இருக்கிறது என்றால் ரத்தக்கொதிப்பைச் சந்தேகிக்கலாம். சிறுநீரகம் கெட்ட பூனைகளுக்கும் தைராய்டு மிகுந்த பூனைகளுக்கும் ரத்தக்கொதிப்பு ஏறி, விழித்திரை பிய்ந்து, ஒரே இரவில் பார்வை போகலாம். மருந்து, நம் வீட்டுப் பெரியவர்கள் விழுங்கும் அதே அம்லோடிபின். அளவு மட்டும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

தயிர்சாதப் பூனை

டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவில் தானே தயாரிக்காது. இறைச்சி, மீனிலிருந்துதான் வர வேண்டும். டாரின் இல்லாவிட்டால் விழித்திரை நடுவிலிருந்து தேய்கிறது என்று 1975இல் கண்டுபிடித்தார்கள். இதயமும் பலூனாக ஊதிப் பலவீனமாகும் என்பது 1987இல் தெரிந்தது. தயிர்சாதத்தில் அது போதாது. நாய்த் தீனியும் பூனையை நினைத்துத் தயாரித்ததல்ல.

இடப்பக்கப் பார்வை

கனடாவில் ஒரு காப்பகத்துப் பூனைகளின் முகத்தசைகளைப் படமெடுத்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பயந்த பூனைகள் அடிக்கடி இமைத்தன, அரைக்கண் மூடின, தலையையும் பார்வையையும் தங்கள் இடப்பக்கம் திருப்பின. நிம்மதியாகப் பழகியவை வலப்பக்கம் திருப்பின. மூளையின் வலப்பாதிதான் பயத்தைக் கையாள்கிறது என்ற கருத்துக்கு இது ஒத்துப்போகிறது.

இன்னொன்று: மனிதக் கண் குழிக்குள் ஐம்பது பாகை வரைக்கும் திரும்பும், பூனையின் கண் அதில் பாதிதான். அதனால் பூனை கண்ணை உருட்டுவதைவிடத் தலையைத் திருப்புவதே வழக்கம். தலை அசையாமல் கண் மட்டும் விடாமல் ஓடுகிறது என்றால் அது வேடிக்கை பார்ப்பதல்ல.

மெல்ல இமைத்தால்

பிரிட்டனின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வு: மனிதர் மெல்லக் கண் சுருக்கி இமைத்தால் பூனையும் கண் சுருக்கிப் பதில் சொன்னது. முன்பின் தெரியாதவர் இப்படி இமைத்துவிட்டுக் கையை நீட்டியபோது, முகத்தை வெறுமே வைத்திருந்தபோது வந்ததைவிட அதிகமாகக் கிட்டே வந்தது. முறைத்துப் பார்ப்பது பூனை மொழியில் சண்டைக்கு அழைப்பு. இரண்டு வாரத்திலிருந்து ஏழு வார வயதுக்குள் மனிதக் கையைப் பழகாத பூனைக்கு இந்த நாகரிகம் கூடுதலாகவே வேண்டும். இமைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் உருளும் விழி

அரைமூடிய இமைக்குள் விழி துடித்து, மீசை ஆடி, கால் இழுத்தால் வலிப்பு என்று அலற வேண்டாம். கனவுத்தூக்கம். பிரான்சின் மிஷேல் ஜூவே 1959இல் இதற்கு 'முரண் தூக்கம்' என்று பெயர் வைத்ததே பூனைகளை வைத்து ஆராய்ந்துதான்.

முன்பு சாவு, இப்போது மருந்து

இளம் பூனை, விடாத காய்ச்சல், மெலிவு, கூடவே கண்ணாட்டம். எஃப்.ஐ.பி. என்ற நோய் மூளைக்குப் போனால் இப்படி ஆகும். பத்தாண்டுக்கு முன் இதற்கு வழியே இல்லை. கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழு, 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 பூனைகள் நெடுநாள் பிழைத்தன. கோவிட் காலத்தில் கேட்ட ரெம்டெசிவிருக்கு உறவுக்கார மருந்து. நோய் மூளையைத் தொட்டிருந்தால் கூடுதல் அளவு வேண்டும்.

வெறும் கையால் வேண்டாம்

தடுப்பூசி விவரம் தெரியாத தெருப்பூனை திடீரென்று குணம் மாறி, எச்சில் வடித்துத் தள்ளாடினால் ரேபிஸும் பட்டியலில் உண்டு. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். பூனைதானே என்று மஞ்சள் வைத்துக்கொண்டு உட்காருகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

வீடியோ எடுப்பது எப்படி?

மருத்துவமனை மேஜையில் மிரண்டு உறைந்துபோன பூனையிடம் வீட்டில் கண்டது எதுவும் தெரியாமல் போகலாம். போனில் எடுத்துப் போங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அது சாப்பிடும்போது தூரத்திலிருந்து பெரிதாக்கி, ஸ்லோமோஷனில் ஒரு நிமிடம் எடுத்தால் எந்தப் பக்கம் நழுவுகிறது, எந்தப் பக்கம் வெடுக்கென்று இழுக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். நடக்கும்போது ஒன்று, தட்டை நெருங்கும்போது ஒன்று, தூங்கும்போது ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

பிடிக்கவே முடியாத பூனைக்குக் காபாபென்டின் மருந்தை எழுதித் தருவது இப்போது பல மருத்துவர்களின் வழக்கம். கிளம்புவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் உணவில் கலந்து கொடுத்தால் மிரட்சி அடங்கும். அதன்பின் பூனை கொஞ்சம் தள்ளாடும், மூன்றாம் இமையும் எட்டிப்பார்க்கலாம். ஆகவே வீடியோவை மருந்து கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்; மருந்து கொடுத்த நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.